பேர் போட்ட பை

எங்கள் தெருவில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த காண்ட்ராக்டரை இனி வேண்டாம் என்று முடிவு செய்த கூட்டம் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கட்டுக் கூடத்தில்தான் நடந்தது. காபி ஆற்றிக் கொடுத்தது நான். அன்றைக்குப் பேசியவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, யாரும் பொய் சொல்லவும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறமாட்டேன் என்கிறது. ஒரே ஒரு அயோக்கியன் இருந்திருந்தால்கூட அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தேன். எங்கள் ஆட்களில் டவுனில் கடை வைத்தவர்களும் உண்டு, கிராமத்தில் நிலத்தோடு கிடந்தவர்களும் உண்டு. புகுந்த வீடு முதல் வகை. பஜாரில் மாமனார் பேரிலேயே பலசரக்குக் கடை. பிறந்த வீடு இரண்டாவது வகை. பரளச்சிப் பக்கத்தில் ஒரு கிராமம், அண்ணன், அம்மா, மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் ஒரு கரிசல் காடு. எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம். பருத்தி, கொத்தமல்லி, குதிரைவாலி என்று அந்தக் காடு கொடுத்ததைத்தான் தின்று வளர்ந்தோம். என் கழுத்தில் ஏறிய நகையும் அது கொடுத்ததுதான். அண்ணனுக்கு வேறு பிழைப்பு எதுவும் கிடையாது.

நகராட்சி வண்டி அப்போது பஜாரோடு திரும்பிப் போய்விடும். உள்தெருக்களுக்குள் அது நுழையாது. அதனால் கடைக்காரர்கள் பொதுக்காரியத்துக்கென்று ஒதுக்கும் மகமையிலிருந்து எடுத்து, தெருக் கமிட்டியே குப்பை அள்ளக் காண்ட்ராக்ட் விட்டிருந்தது. கமிட்டிக்கு மாமாதான் தலைவர். அத்தை நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். ஆகவே அந்த வீட்டில் நான் வந்த நாளிலிருந்து அடுப்படியும் எனக்குத்தான், குப்பைக்கூடையும் எனக்குத்தான்.

அந்தக் காண்ட்ராக்டரை நான் முதலில் பார்த்ததே சண்டையில்தான். இரண்டு மாட்டு வண்டி வைத்திருந்த ஆள். வெற்றிலை போட்ட வாய். அந்த வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அவருக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். மக்குவதெல்லாம் ஓலைக்கூடையில் போட வேண்டும், குத்துவதெல்லாம் தனியாகத் தகர டின்னில் போட வேண்டும். கண்ணாடி, பிளேடு, ஆணி, டப்பா மூடி எல்லாம் குத்துகிற வகை. புதுப்பெண்ணான எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? உடைந்த கண்ணாடி வளையலைக் கூடையில் போட்டுவிட்டேன். மனுஷன் கூடையை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டார்.

"எந்த ஊரு?" என்றார். சொன்னேன்.

"பரளச்சிப் பக்கமா? அப்ப இந்த ஒடசல் ஒங்க அண்ணன் கால்லதான் போயி ஏறும். பாத்துப் போடு தாயி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஊருக்கு வெளியே திருச்சுழி போகிற ரோட்டோரம் அவருக்கு ஒரு கிடங்கு இருந்தது. எங்கள் தெருக் குப்பையெல்லாம் அங்கே போய்க் குமிந்து, மக்கி, ஆனி ஆடியில் காட்டு வெள்ளாமைக்காரர்களுக்கு எருவாக விலைபோகும். அதில்தான் அவருக்கு உண்மையான வருமானம். எங்கள் அண்ணனும் வருஷா வருஷம் ஒரு டிராக்டர் லோடு அங்கேதான் வாங்குவார். "என் குப்பையில வெறுங்காலோட நடக்கலாம்" என்று அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. குப்பை இறைத்த காட்டில் எங்கள் அம்மா வெறுங்காலோடு நடந்து களை வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்காக அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அடிக்கடி வரமாட்டார். வந்தாலும் வெயில் ஏறித்தான் வருவார். தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் வெடிக்காகிதம் முழங்கால் அளவு கிடக்கும், அன்றைக்குப் பார்த்து ஆளைத் தேடினாலும் கிடைக்காது. கேட்டால், "வெடி மருந்து பட்ட காகிதம் எங் கெடங்குக்குள்ள வரக்கூடாது" என்பார். பொம்பளைகளிடம் மரியாதையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண் பார்க்க ஆள் வரும் நேரம், கூடைக்குள் ஒரே ஒரு பிளேடு கிடந்ததென்று மொத்தத்தையும் மாக்கோலத்தின் மேல் கொட்டிவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகைக்கும் இவர்கள் போடுவதாகச் சொன்ன நகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது தெருவுக்கே தெரியும். இருந்தாலும் பழி குப்பைக்காரர் மேல் விழுந்தது.

அதற்குள் காலமும் மாறியிருந்தது. தொண்ணூறு வாக்கில் பஜாருக்குக் கேரி பை வந்தது. அதுவரை காகிதத்தில் மடித்து, சணல் சுற்றிக் கொடுத்த சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கடைப் பேரைப் பையில் அச்சடித்தவர்களில் எங்கள் மாமா முந்திக்கொண்டவர். வெள்ளைப் பை, அதில் சிவப்பு எழுத்தில் மாமாவின் பேர். முதல் கட்டு வந்த அன்று ஒரு பையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. தெருவில் போகிறவர்கள் கையிலெல்லாம் அவர் பேர் ஆடிக்கொண்டு போனது.

காண்ட்ராக்டருக்கு அந்தப் பை பிடிபடவே இல்லை. "இது மக்கவும் மாட்டேங்குது, குத்தவும் மாட்டேங்குது. இத எதுல சேக்க?" என்று வாசலில் நின்று கத்தினார். பையைத் தொடமாட்டேன் என்றார். வீட்டு வாசல்களில் பைகள் அப்படியே கிடந்து காற்றில் பறந்தன. ஒருநாள் தெருவில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் எங்கள் கடைப் படியில் குவித்துவிட்டு, "ஒங்க பேருதான போட்ருக்கு? நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் நிற்கும் நேரம். மாமா எல்லாவற்றையும் உள்ளே அள்ளிப் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்த்தாராம்.

அந்த வருஷம் சித்திரை பிறந்ததும், காண்ட்ராக்டர் வேலை எப்படி என்று முறையாக விசாரித்துவிட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னது. மாமா நியாயஸ்தர். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி என்று வகுத்தார். தினமும் வருகிறாரா? வந்தால் எல்லாவற்றையும் அள்ளுகிறாரா? அள்ளின பிறகு வாசல் சுத்தமாக இருக்கிறதா? வீடு வீடாகப் போய்ப் பொம்பளைகளிடம் கேட்டு வரும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஆண்கள் போய்க் கேட்டால் அவர்கள் நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என்னிடம் கொட்டித் தீர்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்று கேள்விக்கும் கிடைத்த பதில் "இல்லை, இல்லை, இல்லை" என்பதுதான்.

கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கடைசியில், "ஆனா மாமா, அவரு குப்பை காட்டுக்கு நல்ல குப்பை. பிரிச்சுப் போடச் சொல்றது அதுக்காகத்தான்" என்று சேர்த்துக்கொண்டேன். ஜவுளிக்கடைக்காரர் சிரித்தார். "பெறந்த வீட்டுப் பாசம் விடுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு காண்ட்ராக்டரை உள்ளே கூப்பிட்டார்கள். மாமா அப்போதும் நியாயம் தவறவில்லை. "எங் கடை வாசல்ல பையப் போட்டத இதுல சேக்காதீக, அது எனக்கும் அவருக்கும் உள்ளது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த மனுஷன் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் காண்ட்ராக்ட் தப்பித்திருக்கும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் தெருவுக்காக அள்ளல, காட்டுக்காக அள்ளுறேன்" என்றார்.

"பணம் குடுக்குறது தெருவுல்ல?" என்று யாரோ கேட்டார்கள்.

அதோடு காண்ட்ராக்ட் போயிற்று. நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் அவர் எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, அண்ணனுக்குக் குப்பை நின்னுபோகும்னு கவலையா? நான் பாத்துக்கிறேன்" என்றார்.

புது காண்ட்ராக்டர் டிராக்டரோடு வந்தார். கழுத்தில் விசில், வாயில் "அக்கா, அம்மா" தவிர வேறு பேச்சு கிடையாது. கூடையும் டின்னும் வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் போதும் என்றார். எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. கடைப் பையிலேயே எல்லாக் குப்பையையும் போட்டு வாயை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தார்கள். விசில் கேட்கும், பை காணாமல் போகும். வாசல் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மாமாவின் மூன்று கேள்விக்கும் இப்போது ஆமாம், ஆமாம், ஆமாம்.

ஆடி மாசம் மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புது காண்ட்ராக்டரிடம் இரண்டு லோடு குப்பையைத் தன் செலவில் வாங்கி அண்ணன் காட்டுக்கு அனுப்பி வைத்தார். "ஆடிக்குப் பொண்ணு வீட்ல இருந்துதான் சீர் வரும். இந்த வருசம் மாப்ள வீட்ல இருந்து குப்பைச் சீர்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறந்த வீட்டை மதிக்கிற மாமனார் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சம்பந்தி வீட்டிலிருந்து மனசார வந்ததை எங்கள் பக்கம் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஓரமாகக் கொட்டி வைத்துவிட்டு வேண்டாம் என்றும் இருக்கமாட்டார்கள். வந்த சீரைத் தொடாமல் வைப்பது கொடுத்தவரின் முகத்தில் அடிப்பது போல. அண்ணன் இரண்டு லோடையும் காடு முழுக்க இறைத்து உழுதுவிட்டார். மறு ஆடியிலும் லோடு வந்தது. அதையும் இறைத்தார். அதற்கு அடுத்த ஆடியிலும்.

அம்மா நொண்டி நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னவென்று கேட்டேன். "கருவேல முள்ளு" என்றாள். எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் சந்தேகம் வராத பதில். எனக்கும் வரவில்லை. வெள்ளாமை எப்படி என்று அண்ணனிடம் கேட்டால், "மழை சரியில்ல தாயி" என்பார். அதுவும் எங்கள் பக்கத்தில் எல்லா வருஷத்துக்கும் பொருந்துகிற பதில்தான்.

நான் ஊருக்குப் போனால் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஒரு தடவை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பஜாரில் யாரோ சொல்லக் கேட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பரளச்சி பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டில் அண்ணனைக் காணோம். அம்மா படுத்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. அண்ணனைப் பார்க்கக் காட்டுக்குப் போனேன்.

முந்தின நாள் பெய்த மழைத் தண்ணீர் காட்டில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேங்கிக் கிடந்தது. கரிசல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் மண். இப்படித் தேக்கி வைத்து நான் பார்த்ததில்லை. மல்லி போட்ட காடு நடுநடுவே சொட்டையாக இருந்தது. நான் ஒரு திட்டில் கையை விட்டுப் பார்த்தேன். மண்ணுக்கு ஒரு சாண் அடியில் பை. இழுத்தேன். பாதிதான் வந்தது, மீதி கிழிந்து மண்ணோடு நின்றுகொண்டது. விழுந்த விதை அதற்கு மேல் அழுகிப் போயிருந்தது. இன்னொரு இடத்தில் கையை வைக்கப் பயமாக இருந்தது, கண்ணாடிச் சில்லு வெயிலில் மின்னியது.

அண்ணன் வேலியோரம் நின்று முள்ளில் மாட்டிய பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் வருவதாகச் சொல்லி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அவர் என் கண்ணில் படாமல் காட்டைப் பொறுக்கிச் சுத்தம் செய்திருக்கிறார். பக்கத்தில் ஒரு குவியல் புகைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து தள்ளி ஒரு உரச்சாக்கு இருந்தது, வாய் வரைக்கும் நிறைந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். எல்லாம் எங்கள் கடைப் பைகள். மண் ஒட்டியிருந்ததே தவிர சிவப்பு எழுத்து கொஞ்சமும் வெளுக்கவில்லை.

"இத மட்டும் எதுக்குண்ணே சேத்து வச்சுருக்க? இதையும் எரிச்சுற வேண்டியதுதான?"

"மாமா பேரு போட்ருக்குல்ல தாயி. உசுரோட இருக்குற மனுசர் பேர எப்பிடித் தீயில போட?"

புதைக்கவும் மனசு வரவில்லை என்றார். பேரை மண்ணில் புதைப்பது அதைவிட மோசமாம். கொட்டகையில் இதுபோல இன்னொரு சாக்கும் இருப்பதாகச் சொன்னார்.

"குடு, நான் கொண்டுபோயி மாமாகிட்டக் காட்டுறேன்" என்றேன்.

"பெறந்த வீட்ல இருந்து போற பொம்பளைய வெறுங்கையா அனுப்பக்கூடாதுதான். அதுக்காக இதையா குடுத்து விடுவேன்?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மனசாரக் குடுத்தவுக. அவுககிட்டச் சொல்லிறாத" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை பஸ் ஏற்றினார்.

அடுத்த ஆடி வரும்போது மாமா லோடு பற்றிப் பேச்செடுத்தார். நான் அண்ணனுக்குக் கொடுத்த சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், லோடையும் நிறுத்த வேண்டும். "அண்ணன் இனிமே உரமூட்டை வாங்கிப் போட்டுக்கிறாராம் மாமா" என்றேன். மாமா கணக்கு நோட்டை மூடி வைத்தார். "டவுன் குப்பை ஒங்க அண்ணனுக்குக் கசந்துபோச்சாக்கும்" என்றார். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி விசாரிப்பது குறைந்துபோனது. அண்ணனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று கடைசிவரை நினைத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நியாயமான மனுஷர் இன்னொரு நல்ல மனுஷரைத் தப்பாக நினைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

பழைய காண்ட்ராக்டரை ஒருநாள் பஜாரில் பழைய இரும்புக் கடை வாசலில் பார்த்தேன். வண்டி மாட்டையெல்லாம் விற்றுவிட்டாராம். தகரம் பிரித்துக்கொண்டிருந்தார். அதே வெற்றிலை வாய். "ஒங்கம்மா இப்பவும் காட்டுல வெறுங்காலோட நடக்காகளா?" என்று கேட்டார். குத்திக் காட்டித்தான் கேட்டார். கூடையைக் கவிழ்த்த அன்றைக்குச் சண்டை போட்ட நான், இதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமா காலமானார். ஒரு வருஷம் கழித்து வந்த தலைத்தெவசத்துக்கு அண்ணன் வந்திருந்தார். அம்மாவால் வர முடியவில்லை, கால் அப்படி ஆகிவிட்டது. படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கொல்லைப் பக்கம் வந்தார். கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏ தாயி, அந்த மூட்டைகள இனிமே எரிக்கலாமா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "இருக்கட்டும்ணே, கேட்டுச் சொல்றேன்" என்றேன். யாரிடம் கேட்பது?

அவர் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் எங்கள் அம்மாவுக்கென்று வடையும் அதிரசமும் எடுத்து வரச் சொன்னார். அன்றைக்குத்தான் கடைக்குப் புதுப் பைக்கட்டு வந்திருந்தது. அப்பா ஞாபகமாக அச்சடித்தது என்று கட்டைப் பிரித்து முதல் பையை எடுத்தார். அதே சிவப்பு எழுத்து, இப்போது பேருக்கு மேலே மாமாவின் படமும் இருந்தது. பலகாரத்தை அதில் போட்டு, "மச்சான், அத்தைக்குக் குடுங்க" என்று நீட்டினார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.